ஊர் ஏக்கம் இல்லை, விழுந்துவிட்டேன்

1

இன்று காலை எட்டு மணிக்கு நான் விழுந்தேன். எங்கள் வீட்டுப் படியில், இன்னும் மூன்று படி பாக்கி இருக்கும்போது, கையில் தகரப் பெட்டியோடு விழுந்தேன். விழுந்த கையோடு, தாராவியில் எங்கள் சந்து முழுக்கக் கேட்கும்படி, "ஏலே, நான் விழுந்துட்டேன்!" என்று கத்தவும் செய்தேன்.

என்ன கூட்டம் கூடியது தெரியுமா! பக்கத்துப் பட்டறை மாணிக்கம் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். எதிர்வீட்டு மராட்டிக்கார அம்மாள் சுமன்பாய், "பாபா பட்லா, பாபா பட்லா" என்று, பெரியவர் விழுந்துவிட்டாராம் எனச் சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் செய்தி அனுப்பினாள். என் மகன் முருகேசன் தராசில் பருப்பை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்குள்ளிருந்து வந்தான். என் மனைவி சண்முகத்தாய் மட்டும் மேல்படியில் நின்று நிதானமாக எட்டிப் பார்த்தாள்.

"இந்த வாட்டி நல்லா சத்தமா சொல்லியாச்சு" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தேன். முழங்காலில் சிராய்ப்பு, முழங்கையில் கொஞ்சம் வீக்கம். வேறொன்றும் இல்லை.

அறுபத்தாறு வயசுக்காரன் படியிலிருந்து விழுந்ததில் இப்படித் துள்ளிக் குதிக்க என்ன இருக்கிறது என்று ஊரில் இருந்து இதை அச்சில் வாசிக்கிறவர்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். நாளை மறுநாள் நான் மெட்ராஸ் மெயில் ஏறுகிறேன். பங்குனி உத்திரத்துக்கு நம் ஊருக்கு வருகிறேன். போன மாசம் வரைக்கும் இதே டிக்கெட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். இன்றைக்கு அதே டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன். நடுவில் நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஒளிவுமறைவில்லாமல் எழுதலாம். முருகேசன் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். கடைப்பலகையையே இந்தியில் எழுதி வைத்திருக்கிறான். நான் நாலு பக்கத்துக்கு மேல் எழுதினால் அவன் முதல் பக்கத்திலேயே களைத்துவிடுவான்.

2

முதலில் எங்கள் படியைச் சொல்ல வேண்டும். கீழே பலசரக்குக் கடை, மேலே ஒரே அறை, அதில் நாங்கள். கடைக்கும் அறைக்கும் நடுவே பதினோரு மரப்படி. படி என்று சொல்வது மரியாதைக்குத்தான், பாதி ஏணி. பிடித்துக்கொள்ள உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கும். தாராவியில் இது ஒன்றும் அதிசயமில்லை. பாதி வீடு இப்படித்தான்.

இந்தப் படியில் இறங்குவதில் ஒரு வழக்கம் உண்டு. தெம்புள்ள ஆள் தெருவைப் பார்த்து நிமிர்ந்து இறங்குவான். குழந்தைகளும் வயசானவர்களும் படியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, கையால் பிடித்துப் பிடித்து இறங்குவார்கள். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனாலும் ஒருத்தர் எந்த வயசிலிருந்து திரும்பி இறங்க ஆரம்பித்தார் என்பது சந்துக்கே தெரியும். அன்றிலிருந்து அவரைக் கூப்பிடுகிற குரலே வேறாகிவிடும். சத்தமாக, மெதுவாக, பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசுவார்கள்.

நான் பதினேழு வயசில் பம்பாய்க்கு வந்தவன். நாற்பத்தொன்பது வருஷமாக நிமிர்ந்தே இறங்கியவன். போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று வாளியோடு இறங்கினேன். படி நனைந்திருந்தது. கீழே நின்ற மாணிக்கம் நல்ல மனசோடுதான் சொன்னார்.

"அண்ணாச்சி, திரும்பி இறங்குங்க. வயசாச்சுல்லா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் அந்தப் பக்கம் போனதும், பதிலாக இரண்டு படியை ஒன்றாகத் தாண்டினேன். வாளி ஒருபக்கம், நான் ஒருபக்கம். மழை பெய்தது உண்மை, படி வழுக்கியதும் உண்மை. ஆனால் என்னைத் தள்ளிவிட்டது மழை இல்லை, என் ரோஷம்.

விழுந்தவுடன் நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கே அடிபட்டது என்று பார்க்கவில்லை. யாராவது பார்த்தார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன் மாதிரி குழாயடிக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டேன். இடுப்பு விண்விண் என்று தெறித்தது. பக்கத்தில் நின்றவரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன்!

இரண்டாவது தடவை, பயம் தள்ளிவிட்டது. முதல் தடவைக்குப் பிறகு ஒவ்வொரு படியையும் முறைத்து முறைத்துப் பார்த்து இறங்கினேன். நாற்பத்தொன்பது வருஷம் காலுக்குத் தானாகத் தெரிந்த வேலையில் மூளை நுழைந்து அதிகாரம் பண்ணினால் என்ன ஆகும்? ஆறாவது படியா ஏழாவது படியா என்று கணக்கு பிசகி, கால் காற்றில் நின்றது. கயிறு கைக்கெட்டும் தூரத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தது. பிடிக்கவில்லை. பிடித்தால் ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

அப்புறம் படியே வேண்டாம் என்று மேலேயே உட்கார்ந்துவிட்டேன். காலில் ஆணி என்றேன், வெயில் என்றேன், கண் கூசுகிறது என்றேன். இரண்டு மாசம் உட்கார்ந்தே இருந்தால் கால் என்ன ஆகும்? மூன்றாவது தடவை நான் விழுந்தது சமதரையில். ரேடியோவை நிறுத்த எழுந்து நாலு எட்டு வைத்தேன், கால் மடங்கிவிட்டது. வழுக்க ஈரமும் இல்லை, தடுக்கக் கல்லும் இல்லை. அன்றைக்குத்தான் எனக்குள் நிஜமான பயம் புகுந்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

3

ஏன் சொல்லவில்லை? இங்கேதான் நம் ஆட்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தாராவியில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. நான் அதற்குச் செயலாளர். கடிதம் எழுதுவது, சீட்டுப் போடுவது, கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுப்பது எல்லாம் சங்கம்தான். அதோடு இன்னொரு வேலையும் உண்டு. யாராவது பெரியவர் விழுந்துவிட்டால், அடுத்து யார் ஊருக்குப் போகிறார்கள் என்று விசாரித்து, அவர் கையில் இவரை ஒப்படைத்து ரயிலேற்றி விடுவோம். "படி கிடையாது, கூட்டம் கிடையாது, ஊர்ல நிம்மதியா இருக்கட்டும்" என்போம். நல்லெண்ணம்தான். யாரும் தள்ளிவிட வேண்டும் என்று செய்வதில்லை. ஆனால் போனவர்களில் ஒருத்தர்கூடத் திரும்பி வந்தது கிடையாது.

ஊரில் இப்படி ஒரு மறைப்பு நான் பார்த்ததில்லை. என் அப்பா கிணற்றுமேட்டில் வழுக்கி விழுந்தபோது அதை ஒரு மாசம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எந்தக் கல், எந்தப் பக்கம் சாய்ந்தார், எப்படி எழுந்தார் என்று நடித்துக் காட்டுவார். அவர் சொன்னதற்குக் காரணம் இப்போதுதான் புரிகிறது. அவரை அங்கிருந்து எங்கேயும் அனுப்ப முடியாது. அனுப்ப இடம் இல்லாத ஆளுக்கு மறைக்க என்ன இருக்கிறது?

பிச்சையாவை உங்களில் பலருக்குத் தெரியும். தகரப்பெட்டிப் பட்டறையில் முப்பது வருஷம் வேலை செய்தவர். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளை இல்லை. எங்கள் சந்திலேயே அண்ணன் மகன் வீட்டில் இருந்தார். தினம் சாயங்காலம் என் பதினோரு படியையும் ஏறி வந்து, ரேடியோவில் செய்தி கேட்டு, அரசாங்கத்தைத் திட்டி, ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குழாயடிப் பாசியில் ஒரு தடவை விழுந்தார். ஒரே ஒரு தடவை. பத்தாம் நாள் அவரை ரயிலேற்றிவிட்டோம்.

ஏற்பாடு பண்ணியது யார்? நான்தான். துணைக்கு ஆள் பிடித்ததும் நான், ஊரில் அவர் தம்பிக்குக் கடிதம் எழுதியதும் நான். "போகணுமா அண்ணாச்சி?" என்று பிளாட்பாரத்தில் என்னைத்தான் கேட்டார். "ரெண்டு மாசம் இருந்து உடம்பைத் தேத்திட்டு வாங்க" என்றேன். பொய் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆறு மாசம் கழித்து ஒரு கார்டு வந்தது. யாரிடமோ சொல்லி எழுதியிருந்தார். "இங்கு எல்லாரும் நலம். எனக்கு ஒரு குறையும் இல்லை. கட்டிலுக்கே சாப்பாடு வருகிறது. விழுந்துவிடுவேன் என்று எழுந்திருக்க விடுவதில்லை. நான் விழுந்தது ஒரு தடவைதான் என்று சொன்னால் கேட்க ஆள் இல்லை. அங்கே இப்போது சாயங்காலம் ரேடியோ எத்தனை மணிக்கு வைக்கிறீர்கள்?"

அந்தக் கார்டுக்கு நான் பதில் போடவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். அப்புறம் நான் விழ ஆரம்பித்தேன்.

4

நான் மேலேயே உட்கார்ந்திருப்பதைச் சந்து பார்த்தது. சன்னல் ஓரத்தில் ஒரு கிழவன் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நம் ஆட்களுக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றும். "அண்ணாச்சிக்கு ஊர் நினைப்பு வந்துட்டு."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல! ஊர் நினைப்பா? எனக்கா? நான் சன்னல் வழியாகப் பார்த்தது மாதுங்கா மார்க்கெட் போகிற ரோட்டை. எனக்கு வேண்டியிருந்தது அந்த ரோடு. மார்க்கெட்டில் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்து விலை பேச வேண்டும். செம்பூரில் மகள் வீட்டுக்குப் பஸ் பிடித்துப் போய்ச் சம்பந்தியோடு சண்டை போட வேண்டும். டிராம் நின்றுபோய் ஒரு வருஷம் ஆகிறது, தாதரில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்களா இல்லையா என்று பார்க்க வேண்டும். பதினோரு படிக்குக் கீழே என் பம்பாய் கிடந்தது. நான் அதை நினைத்துத்தான் ஏங்கிக் கிடந்தேன்.

ஆறுதல் சொல்ல ஒவ்வொருத்தராக வந்தார்கள். கோவண்டியிலிருந்து ஒருத்தர் கருப்பட்டியோடு வந்தார். அம்பர்நாத்திலிருந்து ஒருத்தர் ஊரிலிருந்து வந்த முறுக்கோடு வந்தார். வந்து உட்கார்ந்து கால்வாய், குளம், கோயில் கொடை என்று பேசிப் பேசி, கடைசியில் அவர்களுக்கே கண்ணீர் வந்துவிடும். துண்டால் துடைத்துக்கொண்டு, "உங்க மனசு எங்களுக்குப் புரியுது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, படியில் திடுதிடுவென்று நிமிர்ந்து இறங்கிப் போவார்கள். நான் அவர்கள் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

தை மாசக் கடைசியில் முருகேசன் மேலே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. அப்பாவுக்கு நல்ல காரியம் செய்துவிட்ட பெருமை அவனுக்கு.

"எப்பா, பங்குனி உத்திரத்துக்கு நம்ம ஆட்கள் ஊருக்குப் போறாங்கல்லா, அவங்களோட உங்களுக்கும் டிக்கெட்டுக்குச் சொல்லிட்டேன். சாஸ்தா கோயிலுக்குப் போயிட்டு, சித்தப்பா வீட்டுலயே இருங்க. உங்களுக்கு எப்ப வரணும்னு தோணுதோ அப்ப வாங்க."

"எனக்கு உன் அம்மையோட இருக்கணும்லா."

"அம்மையும் பின்னால வருவா. முதல்ல நீங்க போங்க. இங்கன இருந்து மருகிட்டு இருக்காதீங்க."

பாருங்கள் நான் மாட்டிக்கொண்ட விதத்தை! ஊர் நினைப்பு இல்லை என்றால், பின் ஏன் இறங்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்பான். விழுந்தேன் என்று சொன்னால், விழுகிற ஆளை அனுப்புகிற சட்டத்தைப் போட்டவனே நான். எந்தப் பக்கம் திரும்பினாலும் மெட்ராஸ் மெயில். பிச்சையாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கட்டில் போட்டு வைத்திருப்பது கண்ணில் தெரிந்தது.

"சரிய்யா" என்றேன்.

5

என்னைக் காப்பாற்றியது முனிசிபாலிட்டி வார்டு ஆபீஸ். சிரிக்காதீர்கள். அந்த ஆபீசால் ஒருத்தனுக்கு நல்லது நடந்தது என்று நான் எழுதுவேன் என நானே நினைத்ததில்லை.

சண்முகத்தாய் ஒருநாள் மகனிடம், "படிக்கு ஒரு கைப்பிடி போடணும்யா, எனக்கு முட்டு வலிக்கு" என்று சொன்னாள். சுவரில் ஆணி அடிக்க வீட்டுச் சொந்தக்காரர் விடமாட்டார். வார்டு ஆபீசில் எழுதிக் கொடுத்து உத்தரவு வாங்கினால்தான் ஆகும். வாடகைச் சீட்டு என் பேரில் இருந்ததால் நானே வந்து கையெழுத்துப் போட வேண்டும். முருகேசன் கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினேன். மூன்று மாசத்துக்குப் பிறகு தெருவில் கால் வைத்தேன். டீக்கடைப் புகையும் சாக்கடை வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முருகேசன் அதைப் பார்த்து, "ஊருக்குப் போனா சரியாயிரும்ப்பா" என்றான்!

ஆபீசில் மூன்று சன்னல் மாறி நாலாவது சன்னலுக்கு வந்தோம். காரணம் என்ற இடத்தில் முருகேசன் "குடும்பத்தார் சௌகரியத்துக்காக" என்று எழுதி வைத்திருந்தான். குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதை வாசித்தார். பென்ஷன் வாங்கும் வயசை நெருங்கிய ஆள். சௌகரியத்துக்கு என்றால் புது வேலை, அது வேறு சன்னல், வேறு விண்ணப்பம், அளவுக்காரர் வந்து பார்க்க ஆறு மாசம் ஆகும் என்று இந்தியில் அடுக்கினார். பிறகு எங்களைப் பார்க்காமலே, வழக்கமாகக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"கோயி கிரா க்யா?"

யாராவது விழுந்தார்களா என்று கேட்கிறார். யாராவது விழுந்திருந்தால் அது ஆபத்துள்ள படி, ரிப்பேர் கணக்கில் இங்கேயே முத்திரை போட்டுவிடலாமாம்.

"நஹி சாப், கோயி நஹி" என்று முருகேசன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மை கிரா" என்றேன்.

எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. நான் விழுந்தேன் என்று தமிழில் எட்டு மாசமாகச் சொல்ல முடியாதது, இந்தியில் இரண்டு சொல்லாக வெளியே வந்துவிட்டது. அந்த மனுஷர் என்னை எங்கே அனுப்பப் போகிறார்? அவருக்கு நான் ஒரு விண்ணப்பம், ஒரு கையெழுத்து. அந்தத் தைரியம்தான்.

"தீன் டைம் கிரா சாப்" என்று மூன்று விரலையும் காட்டினேன். வந்துவிட்டதே என்று மிச்சத்தையும் கொட்டினேன். மழையில் ஒன்று, பயத்தில் ஒன்று, ரேடியோ பக்கத்தில் சமதரையில் ஒன்று. பின்னால் வரிசையில் நின்றவர்கள்கூடக் கேட்டார்கள். என் ஓட்டை இந்தியில், கையைக் காலை ஆட்டி, என் அப்பா கிணற்றுமேட்டில் விழுந்ததை நடித்த மாதிரி நடித்தே காட்டினேன். எனக்குள் என்னமோ திறந்துகொண்டது. சந்தோஷம் தாங்கவில்லை!

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். முருகேசனைப் பார்த்து, "மேரா பாப் பி நஹி போல்தா தா" என்றார். அவருடைய அப்பாவும் இப்படித்தான் சொல்லவே மாட்டாராம். பிறகு முத்திரையை எடுத்து இரண்டு இடத்தில் குத்தினார்.

6

திரும்பி வரும்போது முருகேசன்தான் என்னைக் கைகொடுத்து பஸ்ஸிலிருந்து இறக்கினான். சந்து முனையில் நின்றான்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லாப்பா."

"சொல்லியிருந்தா அனுப்பியிருப்ப."

"சொல்லலைன்னாலும் அனுப்பத்தானே பாத்தேன்!"

பிறகு அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கீழ கடையில நிக்கும்போது மேல சத்தம் கேக்கலைன்னா எனக்குக் கை ஓடாதுப்பா. சாமான் எடுத்துக் கொடுக்கும்போதும் காது மேலதான் இருக்கும். ஊருக்கு அனுப்பிட்டா இந்தப் பயம் இருக்காதுன்னு நெனச்சேன்."

அவன் பயத்தை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. என் பயத்துக்கே என்னிடம் இடம் போதவில்லை.

வீட்டுக்கு வந்து சண்முகத்தாயிடம் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "மூணு தடவையும் எனக்குத் தெரியும். என் முட்டுக்கு ஒண்ணும் இல்ல. கைப்பிடி உங்களுக்குத்தான் கேட்டேன்" என்றாள். பின் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன். நான் சொன்னா உங்களுக்கு இன்னொரு வாட்டி விழுந்த மாதிரி இருக்கும்லா" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். பங்குனிக்கு ஊருக்குப் போகிறவர்கள் யார், அவர்களோடு ஒப்படைத்து அனுப்பப்படுகிறவர்கள் யார் என்று பட்டியல் வாசிப்பது செயலாளர் வேலை. நான்தான் வாசிக்க வேண்டும். மூன்றாவது பேர் என் பேர்.

பேப்பரை மடக்கிப் பைக்குள் வைத்தேன். "எனக்கு ஊர் ஏக்கம் ஒண்ணும் கிடையாது. நான் விழுந்துட்டேன். மூணு தடவை. அதான் இறங்கல" என்றேன்.

அப்போது பின்வரிசையில் துணிக்கடை வைத்திருக்கிற பெரியவர் ஒருத்தர் கையை உயர்த்தாமலே சொன்னார்.

"நான் ரெண்டு தடவை."

"நானும் குழாயடியில ஒருதடவை" என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். சண்முகத்தாய்! என்னிடமும் சொல்லவில்லை! எனக்குக் கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு சந்தை மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தர் நாற்காலியில் ஏறி விளக்கு மாட்டும்போது, ஒருத்தர் கக்கூஸ் வரிசையில் அவசரமாகப் போகும்போது, ஒருத்தர் மருமகளைக் கூப்பிட வெட்கப்பட்டு அரிசி மூட்டையைத் தானே நகர்த்தும்போது. எண்ணிப் பார்த்தால் ஒன்பது பேர்! எல்லாரும் எத்தனை மாசமாக, எத்தனை வருஷமாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்! ஒருத்தருக்குமே விழுந்த வலி பெரிசில்லை, ரயில்தான் பெரிசு.

பிள்ளைகள் பதிலுக்குச் சண்டைக்கு வந்தார்கள். மறைத்தால் நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒரு மணி நேரம் கத்தல். கடைசியில் மாணிக்கம் எழுந்தார். "அனுப்புற செலவுல பாதிகூட ஆகாது. குழாய்க்கம்பி நான் தாரேன், எல்லார் படிக்கும் கைப்பிடி போட்டிருவோம். ஆனா விழுந்தா சொல்லணும்" என்றார். அதற்குத்தான் கைதட்டல்.

கைதட்டல் அடங்கியதும் நான் பையில் கொண்டுவந்திருந்த பிச்சையாவின் கார்டை எடுத்து வாசித்தேன். ரேடியோ எத்தனை மணிக்கு என்ற வரிக்கு வரும்போது என்னால் முடியவில்லை. முருகேசன் வாங்கி, எழுத்துக்கூட்டி, மெதுவாக வாசித்து முடித்தான். அவன் அப்படித் தட்டுத்தடுமாறி வாசித்தது அந்த வரிக்குப் பொருத்தமாகவே இருந்தது.

"அவரை அனுப்புனது நான். கூட்டிட்டு வாரதும் நான்தான்" என்றேன்.

7

கைப்பிடி போட்டாகிவிட்டது. நான் இப்போது திரும்பித்தான் இறங்குகிறேன். சந்து பார்க்கட்டும். ஒரு மாசமாகத் தினம் மார்க்கெட் வரை போய்வந்து காலுக்கு உயிர் வந்துவிட்டது. இன்று காலை மட்டும் பயண உற்சாகத்தில், தூசி தட்டக் கொண்டுபோன பெட்டி கையில் இருந்ததால், பழைய வழக்கப்படி நிமிர்ந்து இறங்கிவிட்டேன். அதன் பலனை மேலே சொல்லிவிட்டேன்.

விழுந்து உட்கார்ந்திருந்தபோது ஒரு கணம், பழைய புத்தி எட்டிப் பார்த்தது. இதைச் சொன்னால் பயணத்தை நிறுத்திவிடுவானே, பேசாமல் எழுந்துவிடலாமா என்று நினைத்தேன். விழுந்தால் சொல்கிறேன் என்று சங்கத்தில் அத்தனை பேர் முன்னால் வாக்குக் கொடுத்த ஆள் நான். அதனால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.

முருகேசன் முழங்காலை அமுக்கிப் பார்த்தான், மடக்கிப் பார்த்தான், எழுந்து நாலு எட்டு நடக்கச் சொன்னான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க மட்டும் போக வேண்டாம்" என்றான். போச்சு, பயணத்தை நிறுத்திவிட்டான் என்று நினைத்தேன்.

"நானும் வாரேன். கடையை அம்மை பாத்துக்கிடுவா. போகும்போது ரெண்டு பேரு, வரும்போது மூணு பேரு."

நான் எழுதியதற்குப் பிச்சையாவின் தம்பி போன வாரம் பதில் போட்டிருக்கிறார். அண்ணன் இப்போது நடப்பதே இல்லை, வந்து பார்த்துவிட்டுப் போகலாம், கூட்டிப்போக முடியாது என்று எழுதியிருக்கிறார். அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அவரும் பயத்தில்தான் கட்டிலில் வைத்திருக்கிறார். இரண்டு வருஷம் கிடந்த கால் திரும்ப நடக்குமா என்று எனக்கும் தெரியாது. என் கால் இரண்டு மாசத்தில் மடங்கியது, ஒரு மாசத்தில் நிமிர்ந்தது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் புறப்படுகிறேன்.

இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது நான் ஊரில் இருப்பேனோ, திரும்பியிருப்பேனோ. எனக்கு முன்னால் இது வந்துவிட்டால் கீழத்தெருக்காரர்கள் யாராவது பிச்சையாவிடம் போய்ச் சொல்லுங்கள். ரேடியோ இப்போதும் ஏழு மணிக்குத்தான் வைக்கிறேன். பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திக்கொண்டு, கட்டிலைப் பிடித்தபடி தினம் பத்து எட்டாவது நடந்து பழகச் சொல்லுங்கள். இங்கே ஏற வேண்டியது பதினோரு படி.